அயனி மண்டல மாதிரிகளை டெக் அளவீடுகளோடு ஒப்பிடுவது: தாழ் அட்சரேகைக்கு ஒரு வழிகாட்டி

அயனி மண்டலத்தை விவரிக்கும் ஐஆர்ஐ மாதிரியை ஓட்டி, ஒரு ஜிபிஎஸ் நிலையத்தின் டெக் (மொத்த எலக்ட்ரான் எண்ணிக்கை) கோட்டை அதன்மேல் வரைந்து, நடுவில் தெரியும் இடைவெளிக்கு "மாதிரியின் பிழை" என்று பெயர் வைக்க ஒரு பிற்பகல் போதும். அந்த இடைவெளியில் மாதிரியின் பங்கு எவ்வளவு, உங்கள் அளவீட்டின் பங்கு எவ்வளவு, இரண்டும் வெவ்வேறு பொருளை அளப்பதால் வந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதில்தான் வேலையே இருக்கிறது. நடு அட்சரேகையில் இதைக் கொஞ்சம் அலட்சியமாகச் செய்தாலும் தப்பித்துவிடலாம். காந்த நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் இருபது டிகிரிக்குள் தப்பிக்க முடியாது. ஜிபிஎஸ் ஏற்பியின் தரவைத் தாங்கும் ரைனெக்ஸ் கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள், ஏதாவது ஒரு நிரல்மொழி தெரியும் என்ற அளவில் தொடங்குகிறேன்.

டெக் என்பது செயற்கைக்கோளிலிருந்து ஏற்பி வரை ஒரு சதுர மீட்டர் குறுக்களவுள்ள குழாயைக் கற்பனை செய்தால் அதற்குள் இருக்கும் மொத்த எலக்ட்ரான்களின் எண்ணிக்கை. 10¹⁶ எலக்ட்ரான்கள் ஒரு டெக் யூனிட். ஜிபிஎஸ்ஸின் முதல் அலைவரிசையான 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்1 சிக்னலுக்கு ஒரு யூனிட் சுமார் 16 சென்டிமீட்டர் தாமதத்தைத் தரும். சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் தாழ் அட்சரேகையில் பிற்பகல் டெக் 100 யூனிட்டை எட்டுவது சாதாரணம். தலைக்கு நேர் மேலே உள்ள செயற்கைக்கோளுக்கே 16 மீட்டர் பிழை என்று பொருள்.

முதலில் நிலையம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

வரைபடத்தில் உள்ள அட்சரேகை இங்கே உதவாது, காந்த அட்சரேகை வேண்டும். காந்த நிலநடுக்கோடு பெருவில் சுமார் 12 டிகிரி தெற்கே இறங்கிவிடுகிறது. அயனி மண்டலத்தை ஆராயும் ஹிக்காமார்க்கா ரேடார் அங்கே நிற்பது அதனால்தான். இந்தியாவிலோ அது தென்முனையை ஒட்டி, புவி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே கடக்கிறது. 1963-இல் ராக்கெட் ஏவத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் இதுவே காரணம். ஐஜிஆர்எஃப் காந்தப்புல மாதிரியிலிருந்து உங்கள் இடத்தின் காந்தச் சரிவுக் கோணத்தை எடுங்கள். அதன் டேன்ஜென்ட்டில் பாதிதான் சரிவு அட்சரேகையின் டேன்ஜென்ட்.

இந்த எண் ஏன் முக்கியம் என்றால், பகலில் கிழக்கு நோக்கிய மின்புலமும் வடக்கு நோக்கிய காந்தப்புலமும் சேர்ந்து நிலநடுக்கோட்டுப் பிளாஸ்மாவை மேலே தூக்குகின்றன. மேலே போனது காந்தக் கோடுகளின் வழியே இருபுறமும் சரிந்து, சுமார் 15 டிகிரி காந்த அட்சரேகையில் வடக்கே ஒரு முகடும் தெற்கே ஒரு முகடுமாகக் குவிகிறது. நடுவில் பள்ளம். 1946-இல் ஆப்பிள்டன் விவரித்த இந்தப் பிறழ்வுதான் தாழ் அட்சரேகை மாதிரிகளின் உண்மையான தேர்வு. உங்கள் நிலையம் பள்ளத்திலா, சரிவிலா, முகட்டிலா, முகட்டுக்கு வெளியிலா என்பது தெரியாமல் எந்தப் பிழை எண்ணுக்கும் பொருள் கிடையாது. பெங்களூரும் ஹைதராபாதும் நான்கரை டிகிரி தள்ளித்தான் இருக்கின்றன, ஆனால் இரண்டும் பிறழ்வின் வெவ்வேறு பகுதிகளைப் பார்க்கின்றன.

அளவீட்டைத் தயார் செய்தல்

இந்தப் பகுதியில் நேரம் செலவழியுங்கள். மாதிரியை ஓட்டுவது எளிது.

இரண்டு அலைவரிசைகளின் தூர அளவீடுகளைக் கழித்தால் சாய்வு டெக் கிடைக்கும்: எல்2 அலைவரிசையின் தூரமான பி2-வில் இருந்து எல்1-இன் தூரமான பி1-ஐக் கழித்து மீட்டரில் வரும் எண்ணை 9.52-ஆல் பெருக்கினால் டெக் யூனிட். இந்த எண் முழுமையானது, ஆனால் இரைச்சல் மிகுந்தது. கேரியர் பேஸ் கொண்டு கணக்கிட்டால் வழவழப்பான கோடு வரும், ஆனால் எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது. ஒரு செயற்கைக்கோளை இடைவிடாமல் பின்தொடர்ந்த ஒவ்வொரு தொடர் வில்லுக்கும் பேஸ் கோட்டைக் குறியீட்டு அளவீட்டின் சராசரி மட்டத்துக்கு ஏற்றி இறக்கி உட்கார வைப்பதுதான் வழக்கம். சைக்கிள் ஸ்லிப், அதாவது பேஸ் எண்ணிக்கையில் திடீர்த் தாவல், வந்தால் வில் உடையும். தாழ் அட்சரேகையில், குறிப்பாக மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், மாலை ஏழு மணிக்குப் பிறகு பிளாஸ்மா குமிழிகளால் சிக்னல் நடுங்கி வில்கள் துண்டு துண்டாகும். பத்து நிமிடத்துக்கும் குறைவான துண்டுகளை மட்டம் செய்ய முயலாதீர்கள், தூக்கிப் போடுங்கள். அவை தரும் எண்ணைவிட அவை கெடுக்கும் எண்கள் அதிகம்.

அடுத்து டி.சி.பி., அதாவது இரண்டு அலைவரிசைகளும் கருவிக்குள் கடக்க எடுக்கும் நேரத்தில் உள்ள வித்தியாசம். செயற்கைக்கோளுக்கு ஒன்று, ஏற்பிக்கு ஒன்று. ஒரு நானோ விநாடி 2.85 டெக் யூனிட். ஏற்பியின் டி.சி.பி. பத்து, இருபது நானோ விநாடி இருப்பது சகஜம் என்பதால், இதைத் திருத்தாமல் விட்டால் வரும் பிழை பல இடங்களில் டெக்கையே விழுங்கிவிடும். செயற்கைக்கோள் மதிப்புகளைக் கோட் (CODE) என்ற பகுப்பாய்வு மையம் போன்றவை வெளியிடுகின்றன. ஏற்பி சர்வதேச வலையமைப்பில் இருந்தால் அதன் மதிப்பும் டெக் வரைபடங்களைத் தாங்கும் ஐயோனெக்ஸ் கோப்பின் தலைப்பகுதியில் கிடைக்கலாம். இல்லையென்றால் நீங்களே கணிக்க வேண்டும்.

கணிக்கும்போது இரண்டு விஷயம். ஒன்று, பகல் தரவைப் பயன்படுத்தாதீர்கள். எல்லாச் செயற்கைக்கோள்களும் ஒரே செங்குத்து டெக்கைத் தர வேண்டும் என்ற அனுமானத்தில்தான் பெரும்பாலான முறைகள் நிற்கின்றன. முகட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் நிற்கும் ஏற்பிக்குப் பிற்பகலில் அது பச்சைப் பொய். உள்ளூர் நேரம் அதிகாலை இரண்டு முதல் ஐந்து வரையிலான தரவை எடுங்கள். இரண்டு, அந்த நேரத்து டெக் பூஜ்யம் என்று வைத்து பயாஸை, அதாவது டி.சி.பி.யை, கண்டுபிடிக்கும் குறுக்கு வழியை விட்டுவிடுங்கள். இரவிலும் சில யூனிட் இருக்கும், அதை நீங்கள் பயாஸில் கரைத்துவிட்டால் மாதிரி இரவில் எப்போதும் கூடுதலாகச் சொல்வதுபோல் தெரியும்.

தினமும் கிடைக்கும் ஏற்பி மதிப்புகளை ஒரு மாதத்துக்கு வரைந்து பாருங்கள். வெப்பநிலையால் சிறிது அசையலாம், குதிக்கக் கூடாது. குதித்திருந்தால் ஆன்டெனா, கேபிள், ஏற்பியின் மென்பொருள் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. நிலையத்தின் பதிவேட்டில் பெரும்பாலும் அந்தத் தேதி இருக்கும்.

ஏற்பி எந்தக் குறியீட்டைத் தருகிறது என்பதும் கவனம். பழைய ஏற்பிகள் துல்லியக் குறியீடான பி1-க்குப் பதில் பொதுக் குறியீடான சி1 தரும். அதற்கெனத் தனித் திருத்தம் உண்டு. ரைனெக்ஸ் மூன்றாம் பதிப்பில் சி1சி, சி1டபிள்யூ என்று பிரித்துக் காட்டியிருப்பதால் தவற இடமில்லை, பார்த்தால்.

செங்குத்தாக மாற்றும் இடத்தில் நிதானம்

சாய்வு டெக்கைச் செங்குத்தாக்க, எல்லா எலக்ட்ரான்களும் 350 அல்லது 450 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே மெல்லிய ஓட்டில் இருப்பதாக வைத்துக்கொள்கிறோம். கதிர் அந்த ஓட்டைத் துளைக்கும் இடம்தான் துளைப்புள்ளி. செயற்கைக்கோள் அடிவானுக்கு மேல் 30 டிகிரியில் இருந்து, ஓடு 450 கிலோமீட்டரில் இருந்தால் சாய்வு டெக்கை 1.70-ஆல் வகுக்க வேண்டும். ஓட்டை 350-க்கு இறக்கினால் 1.75.

இந்த வகு எண் அல்ல, துளைப்புள்ளி எங்கே விழுகிறது என்பதுதான் தாழ் அட்சரேகையில் கவலைப்பட வேண்டியது. 350 கிலோமீட்டர் ஓட்டுக்கு, 30 டிகிரியில் பார்க்கும் கதிர் ஏற்பியிலிருந்து ஏறக்குறைய 540 கிலோமீட்டர் தள்ளித் துளைக்கிறது. 10 டிகிரி என்றால் 1,200 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அட்சரேகையில் அது 11 டிகிரி. பள்ளத்தில் நிற்கும் ஏற்பி வடக்கே தாழ்வாகப் பார்த்தால் முகட்டின் உள்சரிவையே அளந்துகொண்டிருக்கும். ஆகவே வெட்டுக் கோணத்தை, அதாவது அதற்குக் கீழே உள்ள செயற்கைக்கோள்களை ஒதுக்கும் கோணத்தை, 30 டிகிரியில் வையுங்கள். 10 டிகிரி போதும் என்று எழுதியிருக்கும் பயிற்சிக் குறிப்புகள் நடு அட்சரேகைக்கானவை. தரவு குறையும், குறையட்டும்.

அதன் பிறகும் நிலையத்துக்கு மேலே உள்ள எல்லாத் துளைப்புள்ளிகளையும் ஒன்றாகச் சராசரி எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வடக்கையும் தெற்கையும் கலந்தால் நீங்கள் சோதிக்க வந்த முகடே மழுங்கிப்போகும். ஒவ்வொரு அளவீட்டின் துளைப்புள்ளிக்கும் அந்த நேரத்துக்கும் மாதிரியை ஓட்டி அங்கேயே கழியுங்கள். அல்லது துளைப்புள்ளிகளை ஒரு டிகிரி அட்சரேகைப் பட்டைகளாகப் பிரித்து ஒப்பிடுங்கள். இன்னும் சுத்தமான வழி, மாதிரியின் எலக்ட்ரான் அடர்த்தியைச் செயற்கைக்கோள் கதிரின் பாதையிலேயே கூட்டி சாய்வு டெக்காகவே ஒப்பிடுவது. நீகுவிக் என்ற மாதிரி இதற்கென்றே எழுதப்பட்டது. கணக்கு நேரம் கூடும், மெல்லிய ஓடு என்ற அனுமானம் மொத்தமாக வெளியே போய்விடும்.

மாதிரியை ஓட்டும்போது

ஐஆர்ஐ, விண்வெளி ஆய்வுக்கான காஸ்பார் அமைப்பும் வானொலி அறிவியலுக்கான யுஆர்எஸ்ஐ அமைப்பும் சேர்ந்து 1960-களின் இறுதியில் தொடங்கிய திட்டம். அது ஒரே மாதிரி அல்ல, தேர்வுகளின் தொகுப்பு. எலக்ட்ரான் அடர்த்தி உச்சத்துக்கு மேலே உள்ள மேற்பகுதிக்குச் சில தேர்வுகள், அந்த உச்சம் இருக்கும் எஃப்2 அடுக்கின் உச்ச அதிர்வெண்ணுக்கு சிசிஐஆர் அல்லது யுஆர்எஸ்ஐ வரைபடம், உச்ச உயரத்துக்குத் தனித் தேர்வுகள், புயல் திருத்தம் வேண்டுமா வேண்டாமா. நிலப்பகுதிக்கு சிசிஐஆர், கடற்பகுதிக்கு யுஆர்எஸ்ஐ என்பது அவர்களே தரும் ஆலோசனை. "ஐஆர்ஐ-2016 குறைவாகக் கணிக்கிறது" என்று மட்டும் எழுதினால் எந்த ஐஆர்ஐ-2016 என்ற கேள்வி நியாயமாகவே வரும்.

இங்கேதான் முன்னே சொன்ன "வெவ்வேறு பொருளை அளப்பது" வருகிறது. வழக்கமாக ஐஆர்ஐ 2,000 கிலோமீட்டரோடு நின்றுவிடும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டரில் இருக்கின்றன. இடையில் இருப்பது பிளாஸ்மா கோளம். பகலில் அதன் பங்கு சிறியது; இரவில், அதுவும் சூரியச் செயல்பாடு அடங்கிய ஆண்டுகளில், மொத்த டெக்கில் அது பெரும்பங்காகிவிடும். அதிகாலையில் ஐஆர்ஐ மூன்று யூனிட் குறைவாகச் சொன்னால் அதைத் திட்ட அவசரப்படாதீர்கள், அது பார்க்காத இடத்தை நீங்கள் அளந்திருக்கலாம். நீகுவிக்கை ஜிபிஎஸ் உயரம் வரை கூட்டலாம். பிளாஸ்மா கோளத்தைச் சேர்த்த ஐஆர்ஐ-பிளாஸ் வடிவமும் உண்டு.

இதற்கு நேர்மாறான சிக்கல் க்ளோபுச்சர் மாதிரியில். ஜிபிஎஸ் ஒளிபரப்பும் எட்டுக் குணகங்களை வைத்துக்கொண்டு பிழையில் ஏறத்தாழ பாதியைக் குறைத்தால் போதும் என்ற நோக்கத்தோடு செய்யப்பட்டது அது. இரவு முழுக்க 5 நானோ விநாடி என்று நிலையாக வைத்துக்கொள்ளும்; எல்1-இல் அது 9.2 டெக் யூனிட். பிற்பகல் இரண்டு மணிக்கு உச்சம் என்பதும் உள்ளே எழுதிவைத்தது. ஆக இரவில் க்ளோபுச்சர் கூடுதலாகக் காட்டுகிறது என்பது உங்கள் கண்டுபிடிப்பாகாது. கணக்கில் கோணங்கள் அரைவட்ட அலகில் வருகின்றன என்பதை மட்டும் மறக்காதீர்கள், புதிதாக நிரல் எழுதுபவர்கள் எல்லோரும் அங்கே ஒருமுறை இடறுவார்கள்.

நேரத்தில் ஒரு பொறி. மாதிரி கேட்பது சூரிய உள்ளூர் நேரம் என்றால் உலக நேரத்தோடு தீர்க்கரேகையைப் பதினைந்தால் வகுத்த எண்ணைக் கூட்டுங்கள். சுவர்க் கடிகார நேரம் அதிலிருந்து விலகும்: பெங்களூருக்கு அது 5.17 மணி, இந்தியத் திட்ட நேரமோ 5.5 மணி. இருபது நிமிடம் சிறிதாகத் தோன்றும். காலை ஏழு மணிக்கு டெக் செங்குத்தாக ஏறும்போது அந்த இருபது நிமிடமே சில யூனிட் பிழையாகத் தெரியும்.

எந்த நாள்களை ஒப்பிடுவது

ஐஆர்ஐயும் நீகுவிக்கும் மாத இடைநிலையை விவரிக்கும் மாதிரிகள். மார்ச் 9-ஆம் தேதி மாலை என்ன நடந்தது என்று அவற்றிடம் கேட்பதே அநியாயம். காந்தப்புலக் கலக்கத்தைக் காட்டும் கேபி குறியீட்டைப் பார்த்துப் புயல் நாள்களை ஒதுக்கி, மீதமுள்ள நாள்களின் இடைநிலையை ஒவ்வொரு மணிக்கும் எடுத்து, அதை மாதிரியோடு வையுங்கள். சராசரி வேண்டாம், இரண்டு புயல் நாள் நழுவி உள்ளே வந்தாலும் சராசரி நகர்ந்துவிடும். இடைநிலையோடு மேல், கீழ் கால்மானங்களையும் வரையுங்கள். மாதிரியின் கோடு அந்தப் பட்டைக்குள் இருந்தால் பெரிதாகக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

காந்த அமைதி நாள் என்றாலே அயனி மண்டலமும் அமைதி என்று நினைத்துவிட வேண்டாம். துருவ அடுக்குமண்டலம் திடீரென வெப்பமடையும் ஜனவரிகளில், 2009 அதற்குப் பேர்பெற்ற உதாரணம், கேபி படுத்தே கிடக்கும். நிலநடுக்கோட்டு மின்புலமோ காலையில் ஓங்கி பிற்பகலில் தலைகீழாகும். டெக்கும் கூடவே ஆடும். நிலநடுக்கோட்டு மின்னோட்டத்தின் வலிமையைத் தெரிந்துகொள்ள ஒரு நல்ல குறுக்கு வழி இரண்டு காந்தமானிகளின் கிடைக்கூறு வித்தியாசம்: இந்தியாவில் திருநெல்வேலிக்கும் அலிபாகுக்கும், பெருவில் ஹிக்காமார்க்காவுக்கும் பியூராவுக்கும் இடையே. இந்த எண் பெரிதாக இருக்கும் நாள்களையும் சிறிதாக இருக்கும் நாள்களையும் தனித்தனியாகப் பிரித்து மாதிரியின் பிழையைப் பாருங்கள். முகட்டின் உயரம் ஏன் தினம் மாறுகிறது என்பதில் பாதி விடை அங்கே கிடைத்துவிடும்.

சூரியச் சுழற்சியின் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்பதும் முடிவைத் திருப்பிப் போடும். 2008, 2009 ஆண்டுகளின் ஆழ்ந்த தாழ்வில் ஐஆர்ஐ பொதுவாக அதிகமாகக் கணித்தது. அந்த இரண்டு ஆண்டை வைத்து எழுதிய தீர்ப்பை 2014-க்குக் கொண்டுபோக முடியாது.

எந்த எண்ணைச் சொல்வது

தொடர்புக் கெழுவை முதலில் ஓரம் வையுங்கள். மதியம் உயர்ந்து இரவில் தாழும் எந்தக் கோட்டை வரைந்தாலும் டெக்கோடு 0.9-க்கு மேல் தொடர்பு வரும். சதவீதமும் ஏமாற்றும். மதியம் அளவீடு 70, மாதிரி 55 என்றால் பிழை 15 யூனிட், 21 சதவீதம். அதிகாலையில் அளவீடு 6, மாதிரி 9 என்றால் பிழை வெறும் 3 யூனிட், ஆனால் 50 சதவீதம். இந்த இரண்டையும் ஒரே நாள் சராசரியில் போட்டால் மாதிரி இரவில்தான் மோசம் என்று முடிவாகும். வழிகாட்டுதலுக்குப் பயன்படுத்துபவருக்கோ மதியத்து 15 யூனிட்தான், இரண்டரை மீட்டர், உயிர்ப்பிரச்சினை. சராசரிப் பிழையையும் இருபடிச் சராசரி மூலப் பிழையையும் டெக் யூனிட்டில், உள்ளூர் நேரம் வாரியாக, பருவம் வாரியாக, காந்த அட்சரேகை வாரியாகத் தாருங்கள்.

ஒப்பிட ஓர் எளிய எதிராளியையும் நிறுத்துங்கள்: நேற்று இதே நேரத்து அளவீடு, அல்லது கடந்த 27 நாள்களின் இடைநிலை. மாதிரி இதைவிட மோசம் என்றால் அதையும் சொல்லுங்கள். தாழ் அட்சரேகையில் பெரும்பாலும் அப்படித்தான் வரும், அதில் அவமானம் எதுவுமில்லை. மாதிரியின் பயன் அளவீடே இல்லாத இடத்தில்தான்.

முகட்டைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். மாதிரி முகட்டைச் சரியான உயரத்தில், ஆனால் இரண்டு டிகிரி தள்ளிப் போட்டிருந்தால், உண்மையான முகட்டில் இருக்கும் நிலையத்தில் குறைவாகவும், தள்ளிப்போன இடத்தில் அதிகமாகவும், இரண்டு முறை தண்டனை வாங்கும். முகடே இல்லாத தட்டையான மாதிரி இதைவிட நல்ல மதிப்பெண் பெற்றுவிடலாம். அதனால் ஒரே தீர்க்கரேகையை ஒட்டிய நிலையங்களை எடுத்து, முகட்டின் அட்சரேகை, உயரம், அது உச்சம் தொடும் நேரம், முகட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள விகிதம் ஆகிய நான்கையும் தனித்தனியாக ஒப்பிடுங்கள். முழு உலக டெக் வரைபடங்களை இதற்கு உண்மையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவற்றின் கட்டம் அட்சரேகையில் 2.5 டிகிரி, தீர்க்கரேகையில் 5 டிகிரி. முகடு அதில் தேய்ந்துதான் தெரியும். போதாததற்கு உங்கள் நிலையத்தின் தரவும் அதற்குள் போயிருக்கலாம். கடல்மேல் ஜேசன் வரிசை உயரமானிச் செயற்கைக்கோள்கள் நேராகக் கீழ்நோக்கியே டெக்கை அளக்கின்றன, வகு எண் எதுவும் தேவையில்லை. ஆனால் அவை சுமார் 1,336 கிலோமீட்டர் உயரத்துக்குக் கீழ் உள்ளதை மட்டுமே பார்க்கும் என்பதால் மாதிரியையும் அங்கேயே நிறுத்த வேண்டும்.

பிழை எங்கிருந்து வருகிறது

அருகில் அயனோசோண்ட் (அயனி மண்டலத்தைத் தரையிலிருந்து ரேடியோ அலைகளால் அளக்கும் கருவி) ஒன்று இருந்தால் இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். எஃப்2 அடுக்கின் உச்ச அதிர்வெண்ணை மெகாஹெர்ட்ஸில் எடுத்து வர்க்கம் செய்து 1.24×10¹⁰-ஆல் பெருக்கினால் ஒரு கனமீட்டரில் உள்ள உச்ச எலக்ட்ரான் அடர்த்தி வரும். டெக்கை அதனால் வகுத்தால் அடுக்கின் சமானத் தடிமன்.

ஒரு பிற்பகலில் அளந்த டெக் 60 யூனிட், அதிர்வெண் 12 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். தடிமன் சுமார் 336 கிலோமீட்டர். மாதிரி சொல்லும் டெக் 48. அதே மாதிரி அதிர்வெண்ணை 12.1 என்று சொன்னால் அதன் தடிமன் 264 கிலோமீட்டர். உச்சத்தைச் சரியாகப் பிடித்துவிட்டு மேற்பகுதியை ஒல்லியாக வரைந்திருக்கிறது. மேற்பகுதித் தேர்வை மாற்றிப் பாருங்கள், பிளாஸ்மா கோளத்தையும் சந்தேகியுங்கள். மாறாக அதிர்வெண் 10.7 என்று சொன்னால் தடிமன் 338. வடிவம் சரி, உச்சம்தான் குறைவு. அப்போது மேற்பகுதித் தேர்வுகளை எவ்வளவு உருட்டினாலும் பலனில்லை. ஐஆர்ஐ-க்கு அளந்த உச்ச அதிர்வெண்ணையும் உயரத்தையும் நேரடியாக ஊட்ட முடியும். ஊட்டி மறுபடி ஓட்டினால், மிச்சமாக நிற்கும் பிழை வடிவத்தினுடையது. டெக்கில் ஒரே 12 யூனிட் குறைவாகத் தெரிந்த இரண்டு நோய்களுக்கு இரண்டு வேறு மருந்து.

எழுதி வைக்கும்போது மாதிரியின் பதிப்பு, தேர்ந்தெடுத்த ஒவ்வொரு விருப்பம், கூட்டிய உயர வரம்பு, வெட்டுக் கோணம், ஓட்டின் உயரம், டி.சி.பி. எங்கிருந்து வந்தது என்பவற்றோடு சூரியக் குறியீட்டுக் கோப்பின் தேதியையும் குறித்துவிடுங்கள். ஐஆர்ஐ 12 மாத நகரும் சராசரியை எடுக்கிறது, அதற்கு அடுத்த ஆறு மாதத் தரவும் வேண்டும். சமீப மாதங்களுக்கு அந்தக் கோப்பில் இருப்பது முன்கணிப்பு எண்கள். புதுப்பித்த கோப்போடு அடுத்த ஆண்டு ஓட்டினால் அதே நாளுக்கு அதே மாதிரி வேறு டெக்கைத் தரும்.